மழை சுமார்

இங்கே மழையைத் திட்டுகிறார்கள். கல்யாணமாகிப் பூனாவை அடுத்த கட்கிக்கு வந்த முதல் ஆனி மாதத்திலேயே இதை என் காதால் கேட்டேன். பால்காரர் கேனைச் சைக்கிளிலிருந்து இறக்கி, தலையில் கவிழ்த்திருந்த கோணிப்பையை உதறிக்கொண்டே வானத்தைப் பார்த்து, “ஸாலா பாவூஸ்!” என்றார். பாவூஸ் என்றால் மழை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். ஸாலாவுக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ரயிலில் வரும்போதே காதில் விழுந்துவிடும். திட்டியது நானே என்பதுபோல் சட்டென்று என் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பெற்ற தாயைத் திட்டினவனைக்கூட நாலு பேர் கூடிப் பேசி மன்னித்துவிடுவார்கள். மழையைத் திட்டினவன் வீட்டில் யாரும் செம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இந்த மனிதரோ திட்டிவிட்டுக் கால்படி பாலை அளந்து ஊற்றிவிட்டு, சாவகாசமாகப் பெடல் மிதித்துப் போனார்.

எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அதே பூமிதான். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் முதல் கேள்வி “மழை தண்ணி எப்படி?” என்பது. உடம்பு சுகமா, பிள்ளை படிக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டியதுதான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார். ஏர் பிடித்த கையோடு என்னைப் பரமக்குடியில் தங்க வைத்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் பழந்தமிழ்ப் பாட்டுக்கு உரை இல்லாமல் பொருள் சொல்வேன் என்று சந்தையில் நின்று பெருமையடிப்பார். அந்தப் பெருமைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பாட்டுப் படித்தேன். அந்த வறண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மழைப் பாட்டாகப் படித்துத் தள்ளினேன். பசியோடிருப்பவன் கல்யாண வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பானே, அந்த மாதிரி. கொன்றை பூப்பதும், முல்லை அரும்புவதும், ஈர மணலில் சிவப்புப் பட்டுப்பூச்சி ஊர்வதும், தவளை கத்துவதும் எனக்கு மனப்பாடம். கார்காலம் என்றால் பிரிந்து போனவன் திரும்பி வரும் காலம். மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான். மேகம் இருட்டும், அவள் வாசலைப் பார்ப்பாள், தேர் வரும். எத்தனை புலவர்கள், எத்தனை மேகங்கள்! படிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறவள் நான்தான் என்று எனக்கு நினைப்பு. இவ்வளவு மழையையும் அந்தக் காலத்து மனிதர்கள் கற்பனையில்தான் பெய்ய விட்டிருக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். புலவர்கள் பாவம், வயிறு காய்ந்தவர்கள், வார்த்தையிலாவது நனைந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்கியில் அந்த முதல் ஆனியில் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. எங்கள் லைன் வீட்டின் பின்வாசலில் நின்று பார்த்தேன். இடி இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. வந்தது, உட்கார்ந்தது, பெய்ய ஆரம்பித்தது. மறுநாளும் பெய்தது. அதற்கு மறுநாளும் விடவில்லை. ஔந்த் போகும் சாலையில் வயல் வரப்பெல்லாம் ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிட்டது. சாலையோரக் கொன்றையடியில் சிவப்புப் பட்டுப்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது, பாட்டில் இருந்த அதே பூச்சி. அடப்பாவிகளா, உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்களா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். தொழிற்சாலையிலிருந்து திரும்பிய என் கணவர், “குடை இருக்கில்ல? பைத்தியமா ஒனக்கு?” என்றார்.

ஆடி பிறந்ததும் ஊரிலிருந்து கார்டு வந்தது. அண்ணன் எழுத்து, கோழி கிளறினது மாதிரி இருக்கும். “அங்கே மழை தண்ணி எப்படி?” என்று கேட்டிருந்தார். இங்கே ஆடிக்காற்று மண்ணை வாரி அடிக்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் அரை மைல் தள்ளி எடுக்கிறோம் என்றும் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாக ஒழுகிக்கொண்டிருந்தது. “மழை சுமார்” என்று எழுதினேன். பட்டினி கிடக்கிற வீட்டுக்கு, விருந்து சாப்பிட்ட கையோடு எப்படி எழுதுவது? அடுத்த வருஷமும் சுமார். அதற்கடுத்த வருஷமும் சுமார். பத்து வருஷம் பூனா மழையை நான் சுமாராகவே வைத்திருந்தேன். கார்டை எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து, பின்வாசல் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்து மழை பார்ப்பேன். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்குத் தெரியாமல் எதையோ எடுத்துத் தின்கிற மாதிரி நெஞ்சு குறுகுறுக்கும். ஆனாலும் எழுந்து உள்ளே போக மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஊரில் தொடர்ந்து இரண்டு ஐப்பசி பொய்த்தது. மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டதும் நானே என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்கு இங்கே ஒரு வேலை பாருங்கள், ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலையானாலும் சரி, குடும்பத்தையும் பின்னால் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நச்சரித்தேன். அண்ணன் பிழைக்க வேண்டும் என்பது நிஜம். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அவரும் இங்கே வந்து என்னோடு சேர்ந்து நனைந்துவிட்டால் என் குற்றம் பாதியாகிவிடும். அவரை எப்படியாவது இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று அந்த வருஷம் வேண்டாத தெய்வமில்லை.

வைகாசிக் கடைசியில் துணிப்பையோடு வந்து இறங்கினார். பத்து நாள் கழித்து மழை பிடித்தது. அண்ணன் பின்வாசலுக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா” என்றார் திரும்பாமலே. “வருசா வருசம் இப்பிடித்தான் பேயுமா?”

“ஆமாண்ணே.”

“சுமாருன்னு எழுதுனே?”

நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். பிறகு வீட்டிலிருந்த குடம், அண்டா, வாளி, என் மகளின் பால் டம்ளர் வரைக்கும் கொண்டுபோய் ஓட்டு விளிம்பின் கீழே வரிசையாக வைத்தார். எல்லாம் நிரம்பின. நிரம்பியதைக் கொட்ட மனசு வராமல் இன்னும் பாத்திரம் கேட்டார். நான் இல்லை என்றேன்.

“இந்தத் தண்ணி எந்தக் கம்மாய்க்குப் போகுது?”

“கம்மாய் இல்லண்ணே. சாக்கடையில விழுந்து வடக்க ஆத்துக்குப் போகும்.”

“ஆறு?”

“எங்கெங்கயோ சுத்திக் கடலுக்குப் போயிரும்.”

“கடலுக்கா?” என்றார். “சும்மாவா?”

பத்து வருஷமாக மழை விழுவதைப் பார்த்திருக்கிறேன், அது எங்கே போகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நான் படித்த எந்தப் பாட்டும் கேட்டதாக எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போது கட்கித் தமிழர்கள் ஒரு மன்றம் வைத்திருந்தோம். ஓர் அலமாரிப் புத்தகமும் இரண்டு பெஞ்சும்தான் சொத்து. ஞாயிற்றுக்கிழமை யாராவது பேசுவார்கள். ஆடிக் கடைசி ஞாயிறு என் முறை. பாட்டில் கார்காலம் என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அண்ணனும் வந்து கடைசி பெஞ்சில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் இருக்கிறார் என்றதும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. ஐந்து நிலங்களையும் சொன்னேன். மேகத்தையும் தேரையும் வாசலில் நிற்கிறவளையும் சொன்னேன். பாலை என்பதற்குத் தனி நிலமே கிடையாது, மற்ற நிலம் காய்ந்தால் அதுதான் பாலை, காதலுக்கு நடுவில் கடந்து போகிற வழி அது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி பெஞ்சைப் பார்த்துவிட்டேன். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டேன். புலவர்களுக்கு அது கடந்து போகிற வழி. அந்த வழியில் ஒரு மனிதர் வீடு கட்டி, ஏர் பிடித்து, தங்கையையும் படிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை தட்டினார்கள். வீடு திரும்பும்போது அண்ணன், “நல்லாச் சொன்னே ஆத்தா” என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது நடந்தது. நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பின்கட்டில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு முழங்கால் வரை சேற்றில் நின்றிருந்தார். எங்கள் முற்றத்தின் வடக்கு ஓரத்தில், தண்ணீர் சாக்கடைக்கு இறங்குகிற சரிவில், ஒரு முழ உயரத்துக்கு அழகாக வரப்புப் போட்டிருந்தார். அதற்குள் தண்ணீர் தளும்பி நின்றது. மழைத்துளி விழுந்து விழுந்து அதில் வட்டம் போட்டது. “பாத்தியா, எப்பிடி நிக்கிது!” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணங்களில்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வரப்புப் போட்டால் மண் தண்ணீரைக் குடித்துவிடும். இங்கே ஒரு முழத்துக்குக் கீழே பாறை. குடிக்க மண் இல்லை. நின்ற தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, தாழ்ந்த படியுள்ள அடுத்த வீட்டுப் பின்வாசலைத் தேடிக்கொண்டது.

அடுத்த வீட்டில் குசும் வஹினி. வஹினி என்றால் இங்கே மதினி, பழகிய பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின்வாசலைத் திறந்தவள் கத்தின கத்தல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அடுப்படிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், மாவு டப்பா மிதந்தது. அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. வரப்பையே பார்த்துக்கொண்டு, “தரண்! தரண்!” என்று அலறினாள். தரண் என்றால் அணை. சில வருஷம் முன்னால் மேலே அணை உடைந்து பூனா நகரத்துக்குள் வெள்ளம் புகுந்ததே, அதில் ஆற்றோரம் இருந்த அவளுடைய தாய்வீடு சுவர்கூட மிஞ்சாமல் போயிற்று. அதற்கப்புறம் வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தாலே அவள் முகம் மாறும். எனக்கு இது தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. தரண் என்ற சொல்லும் தெரியாது. பெண்பிள்ளை பயந்துவிட்டாளே என்று கும்பிட்டபடி கிட்டப் போய், “பயப்படாதீகம்மா, கெட்டியாத்தான் போட்டுருக்கேன். ஒடையாது, ஒடையாது” என்று தேற்றினார். சேறு படிந்த ஆள் ஒருவன் மண்வெட்டியோடு நெருங்குவதைப் பார்த்து அவள் இன்னும் அலறினாள்.

நான் மண்வெட்டியைப் பிடுங்கினேன். அவர் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. வரப்பை நடுவில் ஒரே வெட்டு வெட்டினேன். தண்ணீர் சளசளவென்று சாக்கடைக்கு ஓடியது. பயமும் வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்து, “சனியன் புடிச்ச மழை! விட்டுத் தொலையிதா பாரு!” என்று கத்திவிட்டேன்.

அண்ணன் ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“மழையவா ஆத்தா வையிறே?” என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

பிறகு அவரே குசும் வஹினியின் அடுப்படித் தண்ணீரை முறத்தால் வாரி வெளியே கொட்டி, தரையைத் துடைத்துக் கொடுத்தார். சாயங்காலம் நான் போய் எனக்குத் தெரிந்த இந்தியில், அவர் ஊரில் மழை இல்லை, அதனால்தான் இப்படிச் செய்துவிட்டார் என்று விளக்கினேன். அவளுக்குக் கோபம் ஆறியிருந்தது. மறுநாள் ஒரு தட்டில் சூடாகப் போஹா, அவல் உப்புமாதான், கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “மழை பார்க்க ஆசை என்றால் எங்கள் வாசலில் வந்து உட்காரச் சொல்லு அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கட்டும். அணை மட்டும் வேண்டாம்.” அண்ணன் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மழை பார்க்கக் கூப்பிடுகிறாள் என்றேன். “பாத்து என்ன செய்ய?” என்றார்.

வேலை அந்த வாரமே கிடைத்தது. என் கணவர் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் வாசலிலிருந்தே, “மச்சான், திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க” என்று கூவினார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கோச்சுக்காதீக மாப்ளே. ஆவணி பொறக்கப் போகுது. புழுதி வெதைப்புக்கு நான் போகணும்” என்றார். புழுதி விதைப்பு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஈரமே இல்லாத காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, மழை வரும் என்று காத்திருப்பது. இரண்டு வருஷம் விதைத்த நெல்லை எறும்பு தின்றது. மூன்றாவது தடவை விதைக்கப் போகிறேன் என்கிறார். நான் அழுதேன், கெஞ்சினேன், மதினியையும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள் என்றேன். “நெனச்சுத்தான் போறேன்” என்றார். “இங்ஙன இருந்தா நானும் வைய ஆரம்பிச்சுருவேன் ஆத்தா.”

பூனா ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்தோம். அன்றைக்கும் மழை, பிளாட்பாரக் கூரை ஒழுகியது. சனங்கள் திட்டிக்கொண்டே நகர்ந்து நின்றார்கள். அண்ணன் நகரவில்லை, தோளில் சொட்டுகிற இடத்திலேயே நின்றார். வண்டி வந்து ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, “அன்னைக்குப் பேசுனியே, அதுல ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“கேளுங்கண்ணே.”

“மழைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போறான்ல? அந்த ஊர்ல மழையே பேயலைன்னா அவன் என்ன செய்வான்? வர வேண்டாம்னு இருந்துக்கிருவானா?”

நான் புலவர்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. “அப்படி ஒரு பாட்டு எனக்குத் தெரியலண்ணே” என்றேன்.

“நீயுந்தான சொல்லிட்டுப் போனே” என்றார் சிரித்துக்கொண்டே. “கம்மா நெறையட்டும்ணே, வந்து பாக்குறேன்னு. ஒன் கல்யாணத்து அன்னைக்கு, வண்டி மாட்டும்போது.”

சொல்லியிருக்கிறேன். மறந்தே போயிருந்தேன். பிரசவத்துக்கு ஒரு தடவையும் ஒரு சாவுக்கு ஒரு தடவையும் ஊருக்குப் போனதோடு சரி. அது வரைக்கும் எந்தப் பாட்டைப் படித்தாலும் வாசலில் காத்திருக்கிறவள் நான் என்றே படித்து வந்திருக்கிறேன். வண்டி நகர்ந்தபோதுதான் உறைத்தது. பிரிந்து போனது நான். வாசலில் நிற்கிறவர் அந்த ஜன்னலோரத்தில் ஈரத் தோளோடு உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போகிறார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு கார்டு வந்தது. பூனாவில் அப்போது மழை முடிந்து, வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக, காலையில் பல் கிட்டுகிற குளிர். கார்டில் இரண்டே வரி: “கம்மா நிறைஞ்சு கழுங்கு போகுது. வா.” கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் கல்லுக்கு மேலே வழிந்து போகும் காட்சியைப் பிறந்ததிலிருந்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தேன். மகளுக்குப் பரீட்சை. என் கணவருக்கு லீவு இல்லை. சமைத்துப் போட ஆளில்லை. எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடப் பொய்யில்லை. பெட்டியை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, “பள்ளிக்கூட லீவில் வருகிறேன்” என்று பதில் எழுதினேன். கோடை லீவு வந்தது. போனேன். கண்மாய்க்குள் பையன்கள் கிட்டிப்புள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈரம் ஏறியிருந்த தடத்தைக் கல்லில் தொட்டுக் காட்டினார். “இம்புட்டுக்கு நின்னுச்சு” என்றார். அதற்கப்புறம் கண்மாய் நிறையவில்லை.

இப்போதெல்லாம் சுமார் என்று எழுதுவதில்லை. நல்ல மழை என்றே எழுதுகிறேன். மன்றத்தில் கார்காலம் பற்றி மறுபடியும் பேசச் சொன்னார்கள், வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டேன். பாட்டுப் படிப்பதை மட்டும் விட முடியவில்லை. மழை பார்ப்பதையும் விட முடியவில்லை. இன்று காலையிலிருந்து விடாமல் பெய்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் சீருடை காயவில்லை என்று மராத்தியில் மழையைத் திட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவளைக் கண்டிக்க வாயெடுத்தேன், எந்த முகத்தோடு கண்டிப்பது? அவள் போன பிறகு குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கொண்டுபோய் ஓட்டு விளிம்பின் கீழே வரிசையாக வைத்தேன். எல்லாம் நிரம்பின. வேறு வழியில்லை, கொட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கி, ஊர் இருக்கிற தெற்குப் பக்கம் பார்த்து நின்று ஊற்றுகிறேன். தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு வடக்கேதான் ஓடுகிறது.